வெயிலுக்குக் கறுப்பு, வெப்பத்துக்குக் கண்ணாடி

கறுப்பு நிறம் வெயிலை நன்றாக உறிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கிய வெப்பத்தை வெளியே வீசுவதிலும் அது கெட்டி என்பதை மறந்துவிடுகிறோம். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். சாதாரணக் கறுப்புப் பெயின்ட் அடித்த தகடு 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால், அகச்சிவப்புக் கதிராக அது வெளியேற்றுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு தண்ணீரைச் சூடாக்க என்ன மிஞ்சும்?

தப்பிக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. சூரிய ஒளியின் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்டது. சூடான தகடு வீசும் கதிரோ பெரும்பாலும் 3 மைக்ரோமீட்டருக்கு மேல். முன்னதற்குக் கறுப்பாகவும் பின்னதற்குக் கண்ணாடியாகவும் இருக்கும் பரப்பு கிடைத்தால் போதும். இஸ்ரேலில் பணியாற்றிய ஹாரி தாபோர், 1955இல் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்த மாநாட்டில் அப்படிப்பட்ட பரப்புகளை முன்வைத்தார். மின்முலாமாகப் பூசிய கறுப்பு நிக்கல் அவற்றில் ஒன்று. ஈரம்தான் அதற்கு எதிரி.

1970களில் அந்த இடத்தைக் கறுப்புக் குரோமியம் பிடித்தது. அழகுக்காகப் பூசப்பட்டுவந்த அந்த முலாம் வெயிலுக்கும் உகந்தது என்று நாசாவின் கிளீவ்லாந்து ஆய்வகம் அளந்து காட்டியது. விழும் வெயிலில் சுமார் 95 விழுக்காட்டை உறிஞ்சும். பெயின்ட் வீசும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே வீசும்.

செய்முறைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செம்புத் தகட்டுக்கு முதலில் பளபளக்கும் நிக்கல் முலாம். பிறகு குரோமிக் அமிலத் தொட்டி. சாதாரணக் குரோம் முலாமுக்குச் சிறிதளவு சல்பேட் அவசியம். இங்கே அதைப் பேரியம் கார்பனேட் போட்டு வெளியேற்றுகிறார்கள். பாயும் மின்சாரம் மிக அதிகம் என்பதால் தொட்டியை விடாமல் குளிர்விக்க வேண்டும். படிவது, குரோமியம் ஆக்சைடுக்குள் நுண்ணிய குரோமியத் துகள்கள் சிதறிய படலம். அது ஒளியை விழுங்கும். நீண்ட அலைகளுக்கு மட்டும் வழிவிடும், அடியிலுள்ள நிக்கல் அவற்றைத் திருப்பியனுப்பும். கூடுதல் நேரம் தொட்டியில் விட்டால் படலம் தடித்துவிடும், வெப்பமும் கசியும். ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத பூச்சில் நிறுத்தும் நேரம் தெரிந்தவரே இதில் தேர்ந்த முலாம்காரர்.

தொட்டியில் பொங்கும் வாயுக் குமிழிகள் அமிலத்தைப் பனிப்படலமாக மேலே கிளப்பும். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தரக்கூடியது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத பட்டறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. தொட்டியே தேவைப்படாத வெற்றிடப் பூச்சு முறைகள் இப்போது இந்த வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன.