களப்பணிக்குரிய 25 மதிப்பெண்

இந்தியக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர், எத்துறையைச் சேர்ந்தவராயினும், சுற்றுச்சூழல் கல்வி என்னும் தாளைப் படித்தாக வேண்டும் என்ற நிலை, வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் வழங்கிய தீர்ப்பிலிருந்து கிளைத்ததாகும். அத்தீர்ப்பைப் பின்பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம், 100 மதிப்பெண்ணில் 75ஐ எழுத்துத் தேர்வுக்கும் எஞ்சிய 25ஐக் களப்பணிக்கும் ஒதுக்கியது. ஏரி, ஆறு, மாசடைந்த இடம், பறவை, பூச்சி ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் நேரில் கண்டு ஆவணப்படுத்த வேண்டும் என்பதே களப்பணியின் பொருள். விழிப்புணர்வுக்கு வழி திறந்திருப்பது இந்த 25இல்தான். ஆனால் பல இடங்களில் அது தெர்மாகோலில் செய்த காடாகவும், மரம் வளர்க்கச் சொல்லும் பிளெக்ஸ் பதாகையாகவும் சுருங்கி, தானே குப்பையாகி முடிகிறது.

குப்பையையே பாடமாக்கும் செயல்திட்டம் ஒன்று உண்டு. குப்பைத் தணிக்கை எனப்படும் அம்முறையில், விடுதியில் ஒரே நாளில் சேர்ந்த கழிவைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை அணிந்த மாணவர்கள் அதை மிச்சச் சோறு, காய்கறித் தோல், காகிதம், நெகிழி உறை எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் குறிக்கின்றனர். தேநீர்க் குவளையைக் காகிதக் குவியலில் போடுவதா, நெகிழிக் குவியலில் போடுவதா என்ற வாக்குவாதம் எழும்போது, அதைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து உட்புறத்தை நகத்தால் சுரண்டினால் மெல்லிய நெகிழிப் படலம் உரிந்து வரும். தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் நெகிழி பூசிய குவளையும் ஏன் இடம்பெற்றது என்பதை அதன்பின் எவரும் விளக்கத் தேவையில்லை. வீணான சோற்றின் விலையை வணிகவியல் மாணவர் கணக்கிடவும், அக்கணக்கைக் கொண்டு தமிழ்த்துறை மாணவர் உணவுக்கூடத்திலேயே வீதி நாடகம் நடத்தவும் இயலும். படைப்பாற்றல் என்பது இங்கே அலங்காரமன்று; கண்டறிந்ததை உரியவரிடம் சேர்க்கும் வழியாகும்.

பொதுமக்கள் திரட்டும் தரவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்தும் மக்கள் அறிவியல் களப்பணிக்கு மற்றொரு வாயில். பிப்ரவரியில் நடைபெறும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, ஈபேர்ட் தளத்தில் பதிவேற்றினால் போதும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவருக்குப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இன்னும் பொருத்தமானது, ஏனெனில் வளாகத்தில் காணக் கிடைக்காத வயல்வெளிப் பறவைகள் அங்கே அவருக்காகக் காத்திருக்கின்றன. சீசன்வாட்ச் என்னும் திட்டமோ ஒரே மரத்தை வாரந்தோறும் கவனித்து, தளிர், மொட்டு, பூ, காய் ஆகியவை தோன்றும் காலத்தைக் குறிக்கச் சொல்கிறது. சரக்கொன்றை ஏதோ ஓர் ஆண்டில் முன்னதாகப் பூத்தது என்பதிலிருந்து காலநிலை மாற்றம் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது; அதே மரத்தை அடுத்தடுத்து வரும் மாணவர் அணிகள் தொடர்ந்து குறித்து வந்தால்தான் ஒப்பிட ஏதேனும் கிடைக்கும்.

பெரிய வகுப்பின் களப்பணியை ஒற்றை ஆசிரியர் மதிப்பிடுவது எளிதன்று என்பது உண்மையே. ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, அச்சிட்டுக் கட்டிய அறிக்கைக்குப் பதிலாக, தேதியும் அடித்தல் திருத்தலும் கொண்ட களக்குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வழங்கினால் அச்சுமை ஓரளவு குறையும். கல்லூரி வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடையில் அறிக்கை கிடைக்கும், அத்தகைய குறிப்பேடு கிடைக்காது.