தீவகப் பாதையில் மின்சாரத் துவிச்சக்கரவண்டி

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறும் எவரையும் முதலில் எதிர்கொள்வது காற்றே. இருமருங்கும் ஆழமில்லாத கடனீரேரி. அதில் கம்புகளை நட்டு மீனவர் கட்டிய களங்கண்டி வலைகள். நீரில் அசையாது நிற்கும் கொக்குகள். மரமோ மதிலோ இல்லாத அவ்வெளியில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. கடலழகைக் காணத் துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டு, இவ்விடத்திலேயே மூச்சு வாங்கித் திரும்பியோர் உண்டு. மின்சாரத் துணையோடு ஓடும் துவிச்சக்கரவண்டி கிடைக்கும் இந்நாளில், அறுபது வயதைக் கடந்தவருங்கூடத் தீவகம் முழுவதையும் சுற்றி வரலாம். ஆயினும், அவ்வண்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்து செல்வோருக்கே அப்பயணம் இனிதாகும்.

தீவகத்திற் செல்வதற்கு இரண்டு வழிகள் சிறந்தவை. முதலாவது, பண்ணையிலிருந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை ஆகிய ஊர்களைக் கடந்து, கடல் நடுவே செல்லும் நெடும்பாலத்தின் வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் முடியும் வழி. இதன் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இரண்டாவது, வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைக்குத் திரும்பி, அங்குள்ள மிதவைப் பாதையில் வண்டியோடு ஏறிக் காரைநகரை அடைந்து, பொன்னாலைப் பாலத்தின் வழியாக மீண்டும் குடாநாட்டுக்குள் வரும் வட்ட வழி. இது ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மிதவையில் நிற்கும்போது, போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்தியமைத்த கடற்கோட்டை கண்ணுக்கெதிரே நீரில் மிதப்பதுபோலத் தோன்றும். அம்மிதவை பழுதுற்று நின்றுவிடும் நாட்களும் உண்டாதலால், முன்னரே விசாரித்துச் செல்வது நன்று.

இவ்வழிகளில் மேடு என்று சொல்லத்தக்க மேடு ஒன்றுமில்லை. அப்படியாயின், மின்சாரம் எதற்கு? விடை காற்றில் இருக்கிறது. சமநிலத்தில் மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் உழக்கிச் செல்பவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். காற்று அசையாதிருக்கும் நாளில், இதற்கு ஏறத்தாழ 70 வாற்று வலு போதும். சாதாரண உடல்நலமுள்ளவர் ஒருவரின் கால்கள் இதனை ஒருமணி நேரத்துக்கு மேலும் தரும். அதே 18 கிலோமீற்றர் வேகத்தில் காற்றும் எதிரே வீசுமாயின், அவர் முகத்திற் படும் காற்றின் வேகம் இரட்டிக்கிறது. ஆனால் அது தள்ளும் விசையோ இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தைக் குறைக்காமற் செல்ல அவருக்கு இப்போது ஏறத்தாழ 180 வாற்று தேவை. பயிற்சி பெற்ற வீரருக்கு இது கூடும். ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கூடாது. எஞ்சிய நூறு வாற்றை ஈவதே மின்மோட்டாரின் பணி.

மோட்டார் பெரும்பாலும் சில்லின் குடத்திலோ, உழக்கும் அச்சினருகிலோ பொருத்தப்பட்டிருக்கும். உழக்கும்போது அதனை உணர்கருவி ஒன்று அறிந்து மோட்டாரை இயக்கும். உழக்குவது நின்றால் மோட்டாரும் நிற்கும். ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய வண்டிகளின் தொடர்வலு 250 வாற்றுக்கு மேற்படலாகாது என்றும், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டியதும் துணை நின்றுவிட வேண்டும் என்றும் விதி செய்துள்ளனர். பற்றரி பெரும்பாலும் இலிதியம் அயன் வகையைச் சேர்ந்தது. 500 வாற்று மணி கொள்ளும் பற்றரியை நிரப்ப, வீட்டு மின்மானியில் அரை அலகைவிடச் சற்றுக் கூடுதலாகவே செலவாகும். கால்களும் தம் பங்கைச் செய்யுமாயின், முற்கூறிய எதிர்காற்றிலும் குறிகட்டுவான் வரை செல்ல அதிற் பாதியளவே போதும். கால்களை ஓய்வாக விட்டு முழுச்சுமையையும் மோட்டாரின் மேல் ஏற்றுபவருக்கோ, போகும் வழியிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இங்கேதான் பருவம் அறிதல் வேண்டும். ஏறத்தாழ மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. அது தீவகம் நோக்கிப் போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது முதுகில் நின்று தள்ளும். மாரியில் வீசும் வாடைக்காற்றின் இயல்பு இதற்கு நேர்மாறானது. புறப்படும்போது பயணம் பூப்போல இருக்கும். பற்றரி குறையவே இல்லையே என்ற மகிழ்ச்சியோடு பயணி மேலும் மேலும் செல்வார். மாலையில் வண்டியைத் திருப்பும்போதுதான் காற்று தன் கணக்கைக் கேட்கும். ஆகவே வாடைக் காலத்தில், போகும்போது பற்றரியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் செலவிடாதிருப்பதே விவேகம். காற்றுத் தணிந்து கடலும் அமைதியுறும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலமே புதியவருக்கு உகந்தது. அப்போதும் வெயில் கடுமையாதலால், அதிகாலையிற் புறப்படுவதும், நண்பகலில் பற்றரியை நிழலில் வைப்பதும் நன்று.

குறிகட்டுவானுக்கு அப்பால் தரைவழி இல்லை. நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் உள்ள நயினாதீவுக்குப் படகிற் சிறிது நேரம்; நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இருபது கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ள மின்வண்டியைப் படகில் ஏற்றுமுன், பற்றரியைக் கழற்றித் தனியே பையில் வைத்துக்கொள்ள வேண்டும்; வண்டியைத் தூக்கும் படகுத் தொழிலாளிக்கு அது செய்யும் உதவி, மின்தொடுப்புகளுக்கு உப்புநீரிலிருந்து காப்பு. நெடுந்தீவிலே முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளும், பருத்த பெருக்கமரமும், வெளியில் மேயும் மட்டக்குதிரைகளும் ஓசையின்றி வருபவருக்கே நன்கு காட்சி தரும்.

ஆனால் அங்கே மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல் கூறாதிருக்க முடியாது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் குடாநாட்டிலிருந்து மின்கம்பி செல்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கோ அந்த வசதி இல்லாமையால், நெடுங்காலம் அவை டீசலால் இயங்கும் மின்னாக்கிகளையே நம்பியிருந்தன. அந்த டீசலும் கடல் கடந்தே வரவேண்டும். இம்மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியையும் காற்றையும் பயன்படுத்தும் கலப்பு மின்னிலையங்களை இந்திய நன்கொடையில் அமைப்பதற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. புகையில்லா வண்டி என்று பெருமை கொள்பவர், தாம் பற்றரிக்கு ஏற்றும் மின்சாரம் எங்கே எவ்வாறு பிறந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் முறை. நகரிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு சென்று, தீவின் மின்சாரத்தையும் நன்னீரையும் இயன்றவரை தொடாது திரும்புபவரே நல்ல விருந்தினர்.

இவ்வாறு மெல்லச் செல்வதால் தீவகத்துக்கும் ஒரு நன்மை உண்டு. 1990களின் தொடக்கத்தில் நேர்ந்த இடப்பெயர்வுக்குப் பின்னர் திரும்பிவராத குடும்பங்கள் இங்கே பல. வேலணையிலும் புங்குடுதீவிலும் கூரையிழந்த வீடுகளும், முற்றத்திற் காடு மண்டிய வளவுகளும் தெருவோரத்திற் காணப்படும். பேருந்திலும் வானிலும் வருவோர் இறங்குதுறையை நோக்கி விரைவதால், இடையிலுள்ள ஊர்கள் அவர்களுக்குச் சாளரத்திற் கடக்கும் பனைகளே. துவிச்சக்கரவண்டியில் வருபவரோ, தாகத்துக்கு நிற்பார், தேநீர்க் கடையில் இருப்பார், வழி கேட்பார், ஊரின் பெயரையும் கதையையும் அறிவார். அங்கே எஞ்சி வாழ்வோருக்கு அது சிறு வருவாய். தம்மை ஒருவர் விசாரித்தார் என்ற ஆறுதலும் ஆகும்.

யாழ்ப்பாணத்தவர்க்குத் துவிச்சக்கரவண்டியும் மின்சாரமும் ஒன்றுசேர்வது புதுமையன்று. 1990களில், எரிபொருளும் மின்சாரமும் இன்றிக் குடாநாடு இருண்டிருந்த ஆண்டுகளில், வண்டியைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் சிறு மின்னோட்டத்தால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். அன்று உடலுழைப்பு மின்சாரமாயிற்று; இன்று மின்சாரம் உடலுழைப்புக்குத் துணையாகிறது. அன்று சில்லைச் சுற்றிய சிறுவருக்கு இன்று ஐம்பது வயதாகிறது. பண்ணைப் பாலத்துக் காற்றுக்கு அஞ்சி வீட்டிலிருக்கும் அவர்கள், அடுத்த பங்குனியில் ஒரு காலை வேளையிற் புறப்பட்டுப் பார்க்கலாம்.