முகமறியாதார் செய்யும் உபகாரம்

மளிகைக் கடை ஒன்றுக்குப் பில் போடும் புரோகிராமை, பைத்தான் மொழியை இப்பொழுதுதான் கற்றுக்கொண்ட இளைஞன் ஒருவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாடிக்கையாளர் இரண்டு கிலோ சர்க்கரை வாங்குகிறார். பில் சரியாகவே வருகிறது. அடுத்தவர் வாங்கியது ஒரு லிட்டர் நல்லெண்ணெய் மாத்திரமே. ஆனால் அவருடைய பில்லிலோ, எண்ணெய்க்கு மேலே, முன்னவர் வாங்கிச் சென்ற இரண்டு கிலோ சர்க்கரையும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூன்றாமவர் பில்லில் முன்னிருவர் வாங்கியதும் சேர்ந்துகொள்கிறது. கம்ப்யூட்டர் எந்தப் பிழையையும் அறிவிக்கவில்லை. எழுதிய வரிகளை மேலிருந்து கீழாகப் பத்துத் தடவை படித்துப் பார்த்தும் குற்றம் கண்ணில் படவில்லை. இரவு மணி பன்னிரண்டு. கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

இந்தச் சங்கடம் அவனுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயே, பைத்தானின் இந்த விசித்திரத்தைக் கண்டு திகைத்த ஒருவர், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளத்தில் அதைக் கேள்வியாக எழுதிவைத்தார். அவரை முன்பின் அறியாத பலர் வந்து விடை எழுதினார்கள். பட்டியல் எதுவும் தரப்படாவிட்டால் வெற்றுப் பட்டியலை வைத்துக்கொள் என்று ஃபங்ஷனின் தலைப்பு வரியில் எழுதிவிட்டால், அந்த வெற்றுப் பட்டியல் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. பைத்தான் அந்த வரியை முதன்முதலில் படிக்கும் கணத்தில் ஒரே ஒரு தடவை உண்டாகி, பின்னால் வருகிற அழைப்புகளுக்கெல்லாம் அதுவே பொதுவாகிவிடுகிறது. கடைக்காரர் ஆளுக்கொரு புதுச் சீட்டைக் கிழிக்காமல், ஒரே சீட்டில் எல்லோருடைய கணக்கையும் எழுதிக்கொண்டே போவதைப் போன்றது இது. தலைப்பு வரியில் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ‘நன்’ என்ற சொல்லை வைத்துவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு புதுச் சீட்டைக் கிழித்துக்கொண்டால் தீர்ந்தது. அந்த விடையைத் தேடிப் படித்த நம் இளைஞன் இரண்டு வரியை மாற்றிவிட்டுத் தூங்கப் போகிறான்.

புரோகிராம் எழுதுவதை, தனியறையில் அமர்ந்து ஒருவர் தம் சொந்த புத்திக்கூர்மையினால் மட்டும் நடத்தும் காரியம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும். உண்மை வேறு. நாம் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும் நிரலையும், வங்கிக் கணக்கில் மீதம் பார்க்கும் நிரலையும் எழுதியவர்களுள், இவ்விதம் ஒரு நள்ளிரவில் அந்நியர் ஒருவரின் உபகாரத்தைப் பெறாதவர் இருப்பது அரிது என்றே நான் நினைக்கிறேன். அந்த உபகாரத்துக்குக் கூலி கிடையாது. பெற்றவர் யார் என்பதுகூடக் கொடுத்தவருக்குத் தெரியாது.

இந்த வழக்கம் இணையம் வீடுதோறும் நுழைவதற்கு வெகு முன்பே தோன்றியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-இல் வகுத்த யூஸ்நெட் என்ற ஏற்பாட்டில், ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றைத் தொலைபேசி வழியே அழைத்து, தன்னிடம் சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுத்து, அதனிடம் இருப்பவற்றை வாங்கிக்கொள்ளும். தொலைபேசிக் கட்டணம் குறைவான இரவு நேரங்களிலேயே பெரும்பாலும் இது நடந்தமையால், கேள்வி கேட்டவர் விடைக்காகப் பொறுமையோடு காத்திருக்க வேண்டியிருந்தது. 1991 ஜூலையில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், போசிக்ஸ் என்ற தரவிதிகளின் வாசகம் எங்கே கிடைக்கும் என்று இந்த ஏற்பாட்டின் மூலம் மிகச் சாதாரணமாக விசாரித்தார்; ஆகஸ்டு 25 அன்று, தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அதில் என்னென்ன இருந்தால் நல்லது என்று அபிப்பிராயம் சொல்லும்படியும் கேட்டு மறுபடி எழுதினார். அவர்தாம் லினஸ் டோர்வால்ட்ஸ்; அவர் எழுதிக்கொண்டிருந்ததுதான் லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் உள்ளே இருந்து இயங்குவது அதன் கருவே.

யூஸ்நெட்டின் பழைய விவாதக் குழுக்களில் ஒரு குறை இருந்தது. நல்ல விடை ஒன்று, அதைச் சுற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்களுக்கும் நன்றியுரைகளுக்கும் நடுவே புதைந்துபோகும். அடுத்த மாதம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்பார். சி மொழிக் குழுவில் அடிக்கடி எழும் வினாக்களையும் அவற்றின் விடைகளையும் ஸ்டீவ் சம்மிட் என்பவர் 1990 முதல் பிரயாசையோடு தொகுத்து வந்ததற்கு இதுவே காரணம். 2008 செப்டம்பரில் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இந்தக் குறையை வேறு வழியில் தீர்த்தது: மேலே ஒரு கேள்வி, கீழே அதன் விடைகள், நடுவில் நீண்ட சம்பாஷணைக்கு இடமில்லை. படித்தவர்கள் வாக்களிப்பார்கள், நல்ல விடை தானே மேலே ஏறும். விடைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு வாக்குக்கும் 10 புள்ளி, கேட்டவரே இதுதான் தமக்கு உதவிய விடை என்று குறித்துவிட்டால் இன்னும் 15. புள்ளிகள் 2,000 சேர்ந்தால் பிறர் எழுதியதைத் திருத்தும் உரிமையும் வரும். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஸ்கீட் 2018-இல், எல்லோருக்கும் முன்னதாகப் பத்து லட்சம் புள்ளிகளைக் கடந்தார்.

கேள்விகள் மிக எளியனவாகவும் இருக்கும். விம் என்ற எடிட்டரைத் திறந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் தவித்த ஒருவர் 2012-இல் கேட்ட கேள்வியை, 2017-க்குள் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டதாக அத்தளத்தார் அறிவித்தார்கள். விடை அரை வரி: எஸ்கேப் விசையைத் தட்டி, முக்காற்புள்ளியும் ‘கியூ’ என்ற எழுத்தும் ஆச்சரியக்குறியும் இட்டு, என்டரை அழுத்த வேண்டும். அந்த அரை வரி பத்து லட்சம் பேருடைய தவிப்பைத் தீர்த்தது என்றால், அதைச் சிறிய உபகாரம் என்று எவ்வாறு சொல்வது?

ஆழமான கேள்விகளும் உண்டு. அதே 2012-இல் ஒருவர், 0 முதல் 255 வரையுள்ள எண்களில் குருட்டாம்போக்கில் எடுத்த 32,768 எண்களை வரிசையாக வைத்து, அவற்றுள் 128-க்குக் குறையாதவற்றை மாத்திரம் கூட்டச் சொன்னார். அதையே ஒரு லட்சம் தடவை செய்யச் சொன்னார். எண்கள் கலைந்து கிடந்தபோது 11.54 வினாடி ஆயிற்று. முன்கூட்டியே சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டபோது 1.93 வினாடியில் முடிந்துவிட்டது. கூட்டல் ஒன்றே, எண்களும் ஒன்றே. பின் ஏன் இவ்வளவு பேதம்? விடை எழுதியவர் ஒரு ரயில் சந்திப்பைக் கண்முன் நிறுத்தினார். வேகமாக வரும் ரயிலை நிறுத்தி, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று டிரைவரைக் கேட்பதென்றால், நின்று மறுபடி வேகமெடுக்க நெடுநேரம் ஆகும். ஆகவே பாயிண்ட்ஸ்மேன் ஊகித்து ஒரு பக்கம் திருப்பிவிடுகிறார், ஊகம் தவறினால் ரயில் பின்வாங்கி வரவேண்டும். கம்ப்யூட்டரின் பிராசஸரும் இப்படித்தான் ‘128-க்குக் குறையாததா, அல்லவா’ என்ற ஒவ்வொரு கிளையிலும், விடை தெரியுமுன்பே முந்திய அநுபவத்தைக் கொண்டு ஊகித்து ஓடுகிறது. அடுக்கிய எண்களில் முதற்பாதி முழுவதும் ‘அல்ல’, பிற்பாதி முழுவதும் ‘ஆம்’. ஊகம் தவறுவதே இல்லை எனலாம். கலைந்த எண்களிலோ ஏறக்குறைய பாதித் தடவை தவறிப் பின்வாங்க நேர்கிறது. வகுப்பறையில் பல வாரங்கள் கேட்டும் மனத்தில் பதியாத ஒரு விஷயத்தை, முகம் தெரியாத ஒருவர் ஒரு பக்கத்தில் பிரத்தியட்சமாக்கிவிட்டார். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்விடைக்கு வாக்களித்திருப்பதில் வியப்பில்லை.

விடை சொல்வதைப் போலவே கேட்பதும் ஒரு கலையாகும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘என் புரோகிராம் வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று மட்டும் எழுதுகிறவருக்கு யாரும் உதவ முடியாது. தம் முந்நூறு வரி நிரலை அப்படியே கொட்டுகிறவருக்கும் அநேகமாகப் பதில் வராது. கோளாறுக்குச் சம்பந்தமில்லாததை ஒவ்வொன்றாக வெட்டியெறிந்து, வெட்டியபின் கோளாறு இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்து, இதற்குமேல் ஒரு வரியை எடுத்தாலும் கோளாறே மறைந்துவிடும் என்கிற நிலையில் எஞ்சும் பத்துப் பதினைந்து வரிகளை, என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்பதோடு சேர்த்துக் கேட்கவேண்டும். பில் போட்ட நம் இளைஞன் இதைச் செய்திருந்தால், விற்பனை வரியும் தள்ளுபடியும் அச்சிடும் பகுதியும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, தலைப்பு வரியும் அந்த வெற்றுப் பட்டியலும் மாத்திரம் எதிரே நின்றிருக்கும்; குற்றவாளி அதுவே என்பது அநேகமாக அவனுக்கே தெரிந்திருக்கும். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட நூலில், மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு நிரலை அதற்கு வரிவரியாக விளக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார்கள். பிறருக்குப் புரியச் சொல்ல முயலும்போது நமக்கே புரிந்துவிடுகிறது என்பதுதான் அதன் தாத்பரியம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் முறையில் தோஷங்கள் இல்லாமலில்லை. ‘இது முன்பே கேட்கப்பட்டது’ என்று புதியவர்களின் கேள்வியை முகத்திலடித்தாற்போல் மூடிவிடும் கடுமையைப் பலர் குறைகூறி வந்தார்கள். புதிதாக வருகிறவர்களைத் தாங்கள் அன்போடு வரவேற்பதில்லை என்று 2018-இல் அத்தளத்தாரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். விடையைப் புரிந்துகொள்ளாமல் நகலெடுப்பது மற்றொன்று. கோப்பின் அளவைக் கிலோபைட், மெகாபைட் என்று வாசிக்கத்தக்கவாறு காட்டும் ஜாவா நிரல் ஒன்றை 2010-இல் ஒருவர் விடையாக எழுதினார். அத்தளத்திலிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா நிரல் அதுவே என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. அந்த நிரலில் ஒரு பிழை இருந்தது: 9,99,999 பைட்டை ஒரு மெகாபைட் என்று காட்டாமல் ஆயிரம் கிலோபைட் என்று காட்டும். எழுதியவரே 2019-இல் அதை விவரமாக வெளியிட்டுத் திருத்தமும் தந்தார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதற்குள் அப்பிழை எத்தனையோ புரோகிராம்களில் குடியேறிவிட்டது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதும் நிலைமை மாறிற்று. ஒரு வாரத்துக்குள், பார்வைக்குச் சரிபோலத் தோன்றி உண்மையில் தவறாயிருக்கும் விடைகள் வந்து குவிவதைக் கண்டு, இயந்திரம் எழுதியதை இங்கே இடக்கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை விதித்தது. அதற்குப் பிறகு அங்கே எழும் புதுக் கேள்விகளின் தொகை மிகவும் குறைந்துவிட்டது. சந்தேகம் வந்தால் மக்கள் இயந்திரத்தையே கேட்கிறார்கள். உடனே பதில் வருகிறது, கடிந்து பேசுவார் இல்லை. இந்தச் சௌகரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒருவர் தம் அறைக்குள் இயந்திரத்தோடு பேசித் தீர்த்துக்கொண்ட சிக்கல், அடுத்து அதே சிக்கலில் விழுகிறவருக்கு எங்கும் காணக் கிடைப்பதில்லை என்பது பெரிய நஷ்டம்.

தமிழில் புரோகிராம் செய்கிறவர்களுக்கு இந்த நஷ்டம் இரட்டிப்பாகும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. ஏனெனில் யுனிகோடு முறையில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறியீடுகள். அச்சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் புள்ளி முன்னால் தனியே நிற்க, கொக்கி ழகரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘ழிமத’ என்று வருகிறது. எழுத்துகளை மூன்றாகச் சரியாகப் பிரித்துத் தரும் ஓபன்-தமிழ் என்ற இலவச நிரல்தொகுப்பு இருக்கிறது. இருப்பது தெரியாமல் திகைப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போர்ச்சுகீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித் தளங்கள் உண்டு, தமிழுக்கு இல்லை.

தேடித் தேடிக் கடைசியில் தம் சிக்கலையே வார்த்தை பிசகாமல் கேட்டிருக்கும் ஒரு பழைய கடிதத்தைக் கண்டுபிடித்து, ஆவலோடு கீழே இறங்கிப் பார்த்தால், கேட்டவரே ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மாத்திரம் எழுதிவிட்டுப் போயிருக்கும் ஏமாற்றத்தை இத்தொழிலில் இருப்பவர் எவரும் அநுபவித்திருப்பார். ஆகவே, இதைப் படிக்கும் புரோகிராமர்களே, அடுத்த தடவை உங்கள் சிக்கல் தீர்ந்ததும், விளக்கை அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி, என்ன நேர்ந்தது, எதனால் நேர்ந்தது, எந்த வரியை எப்படி மாற்றினீர்கள் என்பதைத் தேதியோடு தமிழில் எழுதி, பிறர் காணும் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.