கிடாருக்கு ஒரு ஃபேஸ் வாஷ்!

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தாச்சு! கட்டிலுக்கு அடியிலயும் பீரோ மேலயும் தூங்கிக்கிட்டிருந்த கிடார்களுக்கெல்லாம் திடீர்னு மறுவாழ்வு. வெளியே எடுத்ததும் உங்க கை எங்கே போகும்? டேபிள்ல இருக்கிற சானிடைசர், கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே, ரூம்மேட்டோட பைக் பாலிஷ்னு கண்ணுல பட்டது எல்லாத்தையும் போட்டுப் பளபளன்னு தேய்க்கத் தோணும். ஒரு நிமிஷம் பாஸ்... அழுக்கு கிடாரைக் கொல்லாது. அதைத் துடைக்கிறேன்னு நாம ஊத்துறதுதான் கொல்லும்.

மரத்துக்கு மேல கம்பெனிக்காரங்க என்ன பூசியிருக்காங்கன்னு தெரியணும். மேட்டரே அங்கதான் இருக்கு.

நீங்க முதன்முதலா வாங்குன கிடார்னா பெரும்பாலும் கவலையே இல்ல. பாலியூரித்தேன் இல்லேன்னா பாலியஸ்டர் பூச்சாத்தான் இருக்கும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில தெர்மோசெட்டிங் பிளாஸ்டிக்னு ஒண்ணைப் படிச்சு, எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கே மறந்தோமே, அந்தக் குடும்பம். ஒரு தடவை இறுகிட்டா சாதாரணக் கரைப்பான் எதுக்கும் அசையாது. முரட்டுப் பய!

பிரச்னை அடுத்த ரெண்டு பேர்கிட்டதான்.

ஒண்ணு, நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். செல்லமா ‘நைட்ரோ’. பேரைக் கேட்டா ராக்கெட் மாதிரி இருக்கும். ஆனா, உங்க க்ளாஸ் பொண்ணுங்க விரல்ல மின்னுற நெயில் பாலிஷ்ல இருக்கிறதும் இதேதான். 1920-கள்ல கார்களுக்கு அடிக்க ஆரம்பிச்ச பூச்சு, அப்படியே கிடாருக்கும் வந்துடுச்சு. கிப்ஸன் கம்பெனி இன்னிக்கும் இதை விடலை. ஃபெண்டர் 1960-களோட கடைசியில பாலியஸ்டர் பக்கம் தாவினாங்க. இப்ப சில மாடல்கள்ல மட்டும் நைட்ரோ அடிக்கிறாங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டா நெயில் பாலிஷ் என்ன ஆகும்? கிடாருக்கும் அதே கதிதான்.

இன்னொண்ணு, ஷெல்லாக். அட, நம்ம அரக்குங்க! பாண்டவர்களை உள்ளே வெச்சு எரிக்க துரியோதனன் கட்டின அரக்கு மாளிகை ஞாபகம் இருக்கா? அதே சரக்குதான். மரக்கிளையில குடியிருக்கிற ஒரு குட்டிப்பூச்சி சுரக்கிற பிசின். ஜார்க்கண்ட் பக்கம் அமோகமா விளையுது. அந்தக் காலத்து கிராமபோன் தட்டுகள்கூட இதுலதான் வார்த்தாங்க. இதை ஆல்கஹால்ல கரைச்சு, துணிப்பந்துல தொட்டுத் தொட்டு, மெல்லிசா நிறைய கோட்டிங் ஏத்துறதுக்குப் பேர் ஃப்ரெஞ்ச் பாலிஷ். கையால செய்யுற நல்ல க்ளாஸிக்கல் கிடார்கள்ல பார்க்கலாம். மரத்தோட சத்தத்தை அமுக்காதுங்கிறதால அதுக்குத் தனி மவுசு.

ஆல்கஹால்ல கரைச்சுப் பூசினது, மறுபடி ஆல்கஹால் பட்டா? கரையும்! சானிடைசர்ல முக்கால்வாசி என்னன்னு பாட்டிலைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன செமஸ்டர்ல அவன் பெரியப்பாவோட கிடாரை ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தான். 30 வருஷம் வாசிச்ச க்ளாஸிக்கல் கிடார். மேல் விளிம்புல பெரியப்பாவோட முன்கை உரசி உரசி அரைவட்டமா மங்கிப் போயிருக்கும். பய அதை அழுக்குன்னு நினைச்சு, சானிடைசரை டிஷ்யூல நனைச்சு ஒரே தேய்ப்பு! ரெண்டாவது இழுப்புலயே டிஷ்யூ ஒட்டிக்கிச்சு. பளபளப்பு போயி, வெள்ளையா ஒரு திட்டு. கிடார் ரிப்பேர் பண்றவர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். “அரக்குங்கிறதால பொழைச்சே தம்பி. புதுக் கோட்டிங் போட்டா பழசோட கலந்து ஒட்டிக்கும், சரி பண்ணிடலாம்”னார். சரி பண்ணியும் கொடுத்துட்டார். ஆனா அந்த அரைவட்டம் இல்ல. கிடார் இப்ப புதுசு மாதிரி இருக்கு. பெரியப்பா அதைக் கையில வாங்கினா முதல்ல எங்கே பார்ப்பார்னு நினைச்சுத்தான் பயலுக்கு இன்னும் தூக்கம் வரலை.

சரி, அப்ப எப்படித்தான் துடைக்கிறது?

முதல்ல உங்க கையை சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சுக்குங்க. கிடார் மேல இருக்கிற தூசியை உடனே தேய்க்கக் கூடாது. அது உப்புத்தாள் மாதிரி கீறும். டிராயிங் பிரஷ் ஒண்ணால மெல்லத் தட்டி விடுங்க. அப்புறம்தான் துணி. கடையில விக்கிற மைக்ரோஃபைபர் துணியும் ஓகே, ஆனா என் ஓட்டு துவைச்சுத் துவைச்சு நைஞ்சுபோன பழைய காட்டன் பனியனுக்குத்தான். தையல், லேபிள் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுடுங்க.

விரல் ரேகை போகலையா? கண்ணாடியைத் துடைக்க வாயால ‘ஹா...’ன்னு ஊதுவோமே, அதையே இங்கேயும் செய்யுங்க. மூச்சுல வர்ற ஆவி, உப்பில்லாத சுத்தத் தண்ணி. பைசா செலவில்லாத க்ளீனர்! அதுக்கும் மசியலைன்னா துணியோட ஒரு மூலையை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு துடைங்க. உடனே காய்ஞ்ச பக்கத்தால ஒத்தி எடுங்க. கிடார் மேல நேரடியா எதையும் ஸ்ப்ரே பண்ணாதீங்க. பழைய நைட்ரோவுல தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் இருந்தா ஈரமே வேண்டாம். வெடிப்பு வழியா தண்ணி மரத்துக்குள்ள இறங்கிடும்.

கழுத்தோட பின்பக்கம் பிசுபிசுன்னு இருக்கா? அது அழுக்காத்தான் இருக்கணும்னு இல்ல. வியர்வைபட்டு இளகிப்போன நைட்ரோவாக்கூட இருக்கலாம். துணியில மஞ்சளாவோ பழுப்பாவோ ஏறிக்கிட்டே இருந்தா நிறுத்திட்டு, தெரிஞ்சவர்கிட்ட காட்டிடுங்க. வியர்வைன்னா சும்மா இல்ல சாமி! அயர்லாந்து ப்ளூஸ் கிடாரிஸ்ட் ரோரி கேலகரோட 1961-ம் வருஷ ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல பெயின்ட் முக்கால்வாசி காணாமப்போய் வெறும் மரம் தெரியும். அவரோட வியர்வைதான் காரணம்னு சொல்வாங்க. 2024-ல அது லண்டன் ஏலத்துல 8 லட்சம் பவுண்டைத் தாண்டிச்சு. நம்ம கிடார் அப்படி உரிஞ்சா பாதி விலைகூடத் தேறாது. வாசிச்சு முடிச்சதும் உறையில போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை துடைச்சிடுங்க. கொசுவிரட்டி க்ரீம் தடவின கையோட தொடவே தொடாதீங்க. ‘டீட்’ங்கிற ரசாயனம் இருக்கிற க்ரீமா இருந்தா, நைட்ரோவையும் அரக்கையும் இளக்கிடும்.

மேட் ஃபினிஷ் கிடார் வெச்சிருக்கவங்க கொஞ்சம் காதைக் கொடுங்க. உங்களுக்கு வேற மாதிரி தலைவலி. பாலிஷ் போட்டா, ஏன், ஒரே இடத்துல அழுத்தித் தேய்ச்சாக்கூட அந்த இடம் மட்டும் வழுக்கைத் தலையா மின்ன ஆரம்பிச்சுடும். திரும்ப மங்க வைக்க முடியாது. லேசா ஒத்தி எடுக்கிறதோட சரி.

ஃபர்னிச்சர் பாலிஷ்? நோ! சிலிக்கான் கலந்ததா இருந்தா, பின்னாடி என்னிக்காவது புதுசா லேக்கர் அடிக்கும்போது அது ஒட்டாம குழி குழியா விலகும். டூத் பேஸ்ட் வைத்தியமும் வேண்டாம், அது பூச்சையே சுரண்டும்.

துடைச்சு முடிச்சுட்டு ஸ்டாண்டுல நிக்க வைக்கிறீங்களா? அங்கேயும் ஒரு வில்லன் இருக்கான். ஸ்டாண்டுல இருக்கிற ரப்பர், ஃபோம், ரெக்ஸின் ஸ்ட்ராப் இதெல்லாம் நைட்ரோவோட வாரக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருந்தா, அதுல இருக்கிற ரசாயனம் இறங்கி கறுப்பா தழும்பு விழும். நடுவுல வேட்டித் துணியில ஒரு துண்டைச் சுத்தி விட்டா போதும். அப்புறம் அந்த பேண்ட் ஸ்டிக்கர்... அதைக் கிடார் உறை மேல ஒட்டிக்குங்க. உறைக்கு ஒண்ணும் ஆகாது!