லேப் கதவைக் கொஞ்சம் திறங்க!

ஜூன் மாதக் காலையில் திருச்சி புத்தூர் நால்ரோட்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வயலூர் ரோட்டிலிருந்து ஒரு யூனிஃபார்ம் கூட்டம், உறையூர் பக்கமிருந்து இன்னொரு கூட்டம். நடுவில் பெரியாஸ்பத்திரிக்கு விரையும் ஆட்டோக்கள். ஓரமாகப் பத்தாவது மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சில அப்பாக்கள். அவர்களைப் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பையனுக்கு என்ன குரூப்?"

பிளஸ் ஒன் அட்மிஷன்! கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற பதற்றமெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு! கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த பயோ மேத்ஸ் கிடைத்துவிட்டால் வீட்டில் பாயசம். அதில் டாக்டருக்கும் வழி உண்டு, இன்ஜினியருக்கும் வழி உண்டு என்பதால் அவ்வளவு கிராக்கி. கம்ப்யூட்டர் கிடைத்தால் சாதா சந்தோஷம். காமர்ஸ் என்றால், "அதுவும் நல்லதுதாங்க" என்று ஓர் ஆறுதல். வொகேஷனல் என்றால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். இந்த வரிசையை யார் போட்டார்களோ! அதை நம்பாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே புகுந்து பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் ஒன்றும் புதிதில்லை. சுவார்ட்ஸ் பாதிரியார் 1762-ல் திருச்சிக்கு வந்த காலத்திலிருந்து பேசலாம். 1826 ஏப்ரல் 3 அன்று இங்கேயே காலமான கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபரின் பெயரை, புத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியும் 1966-ல் மறுபடி தொடங்கிய கல்லூரியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஆனால் இந்த குரூப் கூத்து நேற்று வந்தது. 1978 வரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் பி.யூ.சி. படிக்கச் செயின்ட் ஜோசப்ஸ், நேஷனல், ஜமால் முகமது என்று கல்லூரிப் படி ஏறினார்கள். அந்த வருடம் பிளஸ் ஒன் வந்தது; 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு. கல்லூரியில் இருந்த ஆய்வகம் அப்படியே பள்ளிக்கூடத்துக்குள் குடிவந்துவிட்டது. என்ன ஒரு அதிர்ஷ்டம்!

நான் நுழைந்த பள்ளி பழையது. பெயர் வேண்டாம், அட்டெண்டர் அண்ணன் கோபித்துக்கொள்வார். கெமிஸ்ட்ரி லேபின் உண்மையான அதிபதி அவர்தான். பிராக்டிகல் தேர்வு நெருங்கினால் மொத்தப் பள்ளியும் அவரிடம் குழையுமாம். "அண்ணே, என்ன சால்ட் வரும்?" என்று கேட்காத மாணவன் பிறக்கவில்லை. அவர் சிரிப்பார், சொல்ல மாட்டார். சொல்லவும் தேவையில்லை. நீலமாக இருந்தால் காப்பர் என்று முன் பெஞ்சு கண்ணாலேயே தீர்ப்பு எழுதிவிடும். கோபால்ட் நைட்ரேட்டில் நனைத்த வடிதாளை எரித்துச் சாம்பல் பச்சையாக வந்தால் துத்தநாகம். அந்தப் பச்சையைப் பார்த்ததும் ஒரு பையன் போட்ட விசில் ஹெட்மாஸ்டர் ரூம் வரை கேட்டிருக்கும். நைட்ரேட்டுக்கு வரும் பழுப்பு வளையத்தைக் குழாயை ஆட்டிக் கலைத்துவிட்டு முழிக்கிறவர்களும் உண்டு, பாவம்.

பிசிக்ஸ் லேபில் சோடியம் விளக்கு எரிந்தால் எல்லோர் முகமும் மஞ்சள். ஒற்றைக் கண்ணை இடுக்கி ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் பார்த்து, "கோடு தெரியுது சார்!" என்று கத்துகிறார்கள். எனக்குப் பிடித்தது விளக்கெண்ணெய்ப் பரிசோதனை. உயரமான ஜாடி நிறைய எண்ணெய். அதில் குட்டி இரும்புக் குண்டைப் போட்டு, அது ஆற அமர இறங்குவதை ஸ்டாப்வாட்சில் அளந்து பாகுநிலையைக் கணக்கிடுகிறார்கள். இதற்குப் போய் மார்க் வேறு தருகிறார்கள்!

பாட்டனி மேஜையில் சங்குப்பூவும் ஊமத்தைப் பூவும். இரண்டும் பதினோராம் வகுப்புப் பாடம். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் கேட்பாரில்லாமல் கிடக்கும் ஊமத்தை இங்கே பிளேடுக்கு முன்னால் பவ்யமாகப் படுத்திருக்கிறது. கம்ப்யூட்டர் லேபில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். அக்கவுண்டன்சிக்கு லேப் இல்லை என்று ஏளனம் செய்யாதீர்கள். இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த கணத்தில், "டேலி ஆயிடுச்சுடா!" என்று எழும் கூச்சல் எந்த லேபுக்கும் சளைத்ததில்லை.

இனிதான் புதையல். அரசின் பிளஸ் ஒன் பாடப் பட்டியலைப் பிரித்தால் தலை சுற்றும். சிறப்புத் தமிழ், புள்ளியியல், புவியியல், மனையியல், நுண்ணுயிரியல், உயிர் வேதியியல், அறவியலும் இந்தியப் பண்பாடும்; தொழிற்பிரிவில் செவிலியம், வேளாண் அறிவியல், நெசவியல், அடிப்படை இயந்திரவியல். நெசவியலை உறையூருக்குப் பக்கத்தில் படிப்பதைவிடப் பொருத்தம் உண்டா? தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊராயிற்றே! செவிலியம் படிக்கிறவருக்குப் புத்தூரிலேயே பெரியாஸ்பத்திரி. இயந்திரவியல்காரருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையும் திருவெறும்பூர் பெல் நிறுவனமும் பஸ் தூரம்.

ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் பள்ளியில் கிடைக்காது. ஆசிரியர் பணியிடம் இருந்தால்தான் பாடம். தொழிற்பிரிவு வாத்தியார் ஓய்வு பெற்றதோடு பாடத்துக்கும் பூட்டு போட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் உண்டு. யாரும் கேட்பதில்லை என்று மூடுகிறார்கள். மூடியிருப்பதால் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் மட்டும் கோபம்.

நல்ல சேதியும் இருக்கிறது. 2018 முதல் பதினோராம் வகுப்புக்கு இருந்த பொதுத் தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து அரசு எடுத்துவிட்டது. லேபில் நிதானமாக நிற்க ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. ஆகவே பெற்றோர்களே, அடுத்த ஜூனில் விண்ணப்பத்தில் குரூப் பெயரை எழுதுமுன், "லேபைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்று பள்ளியில் கேளுங்கள். பிள்ளையையும் கூட்டிப்போங்கள். அவன் எந்த மேஜை முன்னால் நகராமல் நிற்கிறானோ, அந்த குரூப்பை எழுதுங்கள்.