கண்ணுக்குத் தெரியாத நூலும் கண்ணைக் கட்டும் வெளிச்சமும்

மங்கலான அறை. பின்னால் கறுப்புத் திரை. சாம்பிராணிப் புகை. நடுவில் அமர்ந்திருப்பவர் கையை உயர்த்துகிறார். தட்டில் கிடந்த ரூபாய் நோட்டு மெல்ல எழும்பி அந்தரத்தில் நிற்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் குடும்பம், 'இவரிடம் ஏதோ சக்தி இருக்கிறது' என்று முடிவு செய்துவிடுகிறது. அதன்பின் தகடு, தாயத்து, பரிகாரம் என்று பணம் கரைகிறது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நாட்களும் கரைகின்றன.

அந்த நோட்டைத் தூக்கியது பெரும்பாலும் ஒரு நூல்தான். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நூலோடு பிழைப்பு நடத்தும் நாம், இந்த நூலைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த நூல்?

நம் மில்களில் பருத்தி நூலைக் கவுண்ட் கணக்கில் சொல்வோம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ, அதுதான் கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெலியும். நைலான், பாலியஸ்டர் போன்றவற்றுக்கு டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அத்தனை டெனியர். இங்கே எண் குறையக் குறையத்தான் நூல் மெலியும்.

வித்தை பழகத் தொடங்கும் இளைஞர்கள் பலரும் முதலில் வாங்குவது தையல் கடையில் கிடைக்கும் கண்ணாடி நூலை அல்லது தூண்டில் நரம்பை. இரண்டும் ஒற்றை இழை நைலான். மெல்லிய ரகமே சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான் இருக்கும். மனிதத் தலைமுடி பொதுவாக 50 முதல் 100 மைக்ரான்தான். முடியைவிடத் தடித்த நூல் எப்படி மறையும்? தவிர, நிறமில்லாத நைலான் வழவழப்பானது. விளக்கு வெளிச்சம் பட்டவுடன் கோடாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். 'கண்ணாடி போல இருந்தால் கண்ணுக்குத் தெரியாது' என்பது தவறான கணக்கு.

அனுபவம் உள்ளவர்கள் தேடுவது வேறு. ஓவர்லாக் தையலுக்குப் பயன்படும், பஞ்சுபோல் உப்பியிருக்கும் நைலான் நூல் பல மெல்லிய இழைகள் சேர்ந்தது. உதாரணத்துக்கு, 70 டெனியர் நூலில் 24 இழைகள் இருந்தால் ஓர் இழை 3 டெனியருக்கும் சற்றுக் குறைவு. தடிமன் சுமார் 19 மைக்ரான். சராசரி முடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கறுப்பு நிற நூலிலிருந்து அப்படி ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்து, நுனியில் கடுகளவு மெழுகு உருட்டி ஒட்டிக்கொள்வார்கள். நூலின் ஒரு முனை வித்தைக்காரரின் உடலிலோ உடையிலோ இருக்கும். மறுமுனையில் உள்ள மெழுகு, பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு தாங்கும்?

சாதாரண நைலான் இழை, ஒரு டெனியருக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் வரை தாங்கும். அப்படியானால் 3 டெனியர் இழை அசைவில்லாத நிலையில் 12 முதல் 15 கிராம். ரூபாய் நோட்டின் எடை சுமார் ஒரு கிராம்தான். அதனால்தான் மிதக்கும் பொருள் பெரும்பாலும் நோட்டாகவோ, சீட்டாகவோ, காகித உருண்டையாகவோ இருக்கிறது. ஒரு பவுன் மோதிரம் 8 கிராம். அதையும் அந்த இழை தாங்கும். ஆனால் சற்றே வெடுக்கென்று இழுத்தாலும் அறுந்துவிடும்.

பொருள் தானாக நகர்ந்து கைக்குத் திரும்ப வேண்டுமென்றால் இழுபடும் இழை வேண்டும். திருப்பூர் பனியன் துணியில் லைக்ரா என்று நாம் சொல்லும் ஸ்பான்டெக்ஸ் போன்ற இழை, தன் நீளத்தைப்போல் பல மடங்கு நீண்டு மறுபடி சுருங்கும். பளு அதிகமென்றால் கெவ்லர் இழையை நாடுவார்கள். அது நைலானைவிட வலிமையானது. ஆனால் இயற்கையாகவே மஞ்சள் நிறம், எனவே வெளிச்சத்தை இன்னும் கவனமாக அமைக்க வேண்டும்.

மறைப்பது எது?

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும், நூல் தன்னால் மறைவதில்லை. வெளிச்சமான வானத்தின் முன்னே ஓடும் மெல்லிய கறுப்புக் கோட்டை நம் கண் வியக்கத்தக்க கூர்மையுடன் கண்டுபிடித்துவிடும். 19 மைக்ரான் இழையைக்கூட வெள்ளைப் பின்னணியில் கையெட்டும் தூரத்தில் பார்த்துவிடலாம். அதே இழை கறுப்புத் திரைக்கு முன்னாலோ, கட்டம் போட்ட சட்டைக்கு முன்னாலோ இருந்தால் கண் அதைப் பிரித்தறியாது. வீட்டு மூலையில் இருக்கும் சிலந்தி வலை நாள் முழுதும் தெரியாமல் இருந்து, காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெரிவதை நினைத்துப் பாருங்கள். வலை மாறவில்லை. வெளிச்சம்தான் மாறியது.

ஆகவே வித்தைக்காரர் தேர்வு செய்வது நூலை மட்டுமல்ல. பின்னணி, விளக்கு இருக்கும் பக்கம், பார்ப்பவர் அமரும் தூரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே தேர்வு செய்கிறார். 'அருள் இறங்கும் அறை' ஏன் எப்போதும் இருட்டாகவே இருக்கிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

யாராவது அற்புதம் காட்டுகிறேன் என்றால் நாம் கேட்க வேண்டியது எளிது: ஜன்னலைத் திறங்கள், வெள்ளைச் சுவருக்கு முன்னால் செய்யுங்கள், மிதக்கும் பொருளைச் சுற்றிலும் மேலும் கீழும் எங்கள் கையை ஓட்ட விடுங்கள். மறுத்தால் புரிந்துகொள்ளலாம். சம்மதித்துச் செய்துகாட்டினாலும் அதை அற்புதம் என்று நம்பிவிடக் கூடாது. நூல் இல்லாத வேறு வழிகளும் வித்தையில் உண்டு.

நம் ஊரிலும் அல்ஜீரியாவிலும்

கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-ல் காலமான பி. பிரேமானந்த் இதைத்தான் பல ஆண்டுகள் செய்தார். சாமியார்கள் காட்டும் அற்புதங்களைக் கிராமம் கிராமமாகச் சென்று செய்துகாட்டி, பிறகு அதன் சூட்சுமத்தையும் மக்களிடம் விளக்கினார். போத்தனூரிலிருந்து 'இண்டியன் ஸ்கெப்டிக்' என்ற இதழையும் நடத்தினார். அவர் இறைமறுப்பாளர், அந்தக் கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பொய்யை அற்புதம் என்று விற்பவர்களை எதிர்ப்பது, ஏகத்துவத்தை நம்பும் நமக்கு அவரைவிட அதிகக் கடமை அல்லவா?

இதை நாம் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் பாடம் உண்டு. 1856-ல் பிரெஞ்சு அரசு, ராபர்ட் ஊடின் என்ற புகழ்பெற்ற வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே சில மார்க்கப் பெரியவர்கள் அற்புதம் காட்டி மக்களை பிரான்சுக்கு எதிராகத் திரட்டுகிறார்கள் என்பது ஆட்சியாளர்களின் கவலை. ஊடின் ஒரு பெட்டியை மேடையில் வைத்தார். பலசாலி ஒருவரால் அதை அசைக்க முடியவில்லை. அடியில் இருந்தது மின்காந்தம். வித்தையை அற்புதமாக நம்பும் சமூகத்தை, அதைவிடப் பெரிய வித்தையைக் காட்டி அடக்கலாம் என்று ஆள்பவன் கணக்குப் போட்டான்.

மார்க்கம் சொல்வது

ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் மக்களின் கண்களை மயக்கினார்கள் என்று குர்ஆன் (7:116) கூறுகிறது. அவர்களின் கயிறுகளும் கைத்தடிகளும் ஓடுவதுபோல் மூஸா (அலை) அவர்களுக்கே தோன்றியதாக 20:66 வசனம் கூறுகிறது. சூனியத்தின் தன்மை பற்றி அறிஞர்களிடையே நடக்கும் விவாதம் தனி. ஆனால், கண்ணால் கண்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்ற பாடம் இதில் எல்லோருக்கும் உண்டு.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). நனைந்த தானியத்துக்கே இந்த எச்சரிக்கை என்றால், நூலை மறைத்து அதற்கு 'கராமத்' என்று பெயர் சூட்டுபவரின் நிலை என்ன?

பொழுதுபோக்குக்காகக் கைவித்தை காட்டலாமா என்பதிலும் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆர்வமுள்ள பிள்ளைகள் தங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். எப்படியானாலும், 'இது வெறும் தந்திரம்' என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லாமல் மேடை ஏறக் கூடாது.

தாயத்து, மந்திரம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. இருந்தும் வாசலில் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் நின்றால் அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஒரு கறுப்பு நைலான் நூலிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, முதலில் இருண்ட துணிக்கு முன்பும் பிறகு ஜன்னல் வெளிச்சத்திலும் பிடித்துக் காட்டுங்கள். பல மணி நேரப் பயான் செய்யாததை அந்த ஒரு நிமிடம் செய்யக்கூடும், இன்ஷா அல்லாஹ்.