மேட்டில் ஆடும் கிராங்: மாற்றுப் பாகம் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போல மலையகத்தில் சைக்கிள் வீட்டுக்கு வீடு நிற்கும் வாகனம் அல்ல. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. லயனிலிருந்து பிரதான வீதிக்கு வரும் தோட்டப் பாதையே பல இடங்களில் கல்லும் செங்குத்துமாக இருக்கும். ஆனாலும் 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது, நாடெங்கும் சைக்கிளுக்குத் தேவை கூடியது, விலையும் ஏறியது. அக்காலத்தில் வாங்கிய சைக்கிள்கள் இப்போது பாகம் தேயும் வயதுக்கு வந்துவிட்டன.

மேட்டில் முதலில் அடி வாங்குவது பெடல் பூட்டப்பட்டிருக்கும் கிராங்தான். இருக்கையை விட்டெழுந்து உடல் பாரம் முழுவதையும் பெடலில் போட்டு மிதிக்கும்போது, கிராங் கையை இறுக்கும் ஆணி சற்றுத் தளர்ந்திருந்தாலும் கையின் சதுரத் துளை உருக்கு அச்சில் உரசி வட்டமாகத் தேய்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் உடனே பாருங்கள். துளை வட்டமான பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. மேட்டில் மிதிக்கும்போது கை கழன்றால் விழுவது நிச்சயம்.

அடுத்தது மாற்றுப் பாகம் தேடுவது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் கிராங் எல்லாம் பொருந்தாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த காலத்தில்தான் இந்தச் சைக்கிள்களில் பல வாங்கப்பட்டன. அப்படிப்பட்ட வீட்டில் பிழையான பாகம் ஒன்று சில நாள் உழைப்பை விழுங்கிவிடும். எனவே கடைக்குப் போகுமுன் ஐந்து விடயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கிராங் அச்சில் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது. பழைய சைக்கிள்களில் குறுக்கே ஓர் ஆப்பு ஆணி இருக்கும். சில சிறுவர் சைக்கிள்களில் இரண்டு கையும் அச்சும் ஒரே இரும்பாக வளைந்திருக்கும். கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் சதுர அச்சு; விலை கூடியவற்றில் 24 மில்லிமீற்றர் குழாய் அச்சு. ஒன்றின் பாகம் மற்றொன்றில் ஏறாது.

இரண்டாவது, அச்சின் நீளம். சதுர அச்சுகள் 110 முதல் 127 மில்லிமீற்றர் வரை பல நீளங்களில் வருகின்றன. குறுகினால் பல்சக்கரம் பிரேமில் உரசும். நீண்டால் செயின் சாய்வாக ஓடி, கியர் மாறும்போது கழலும். அச்சையும் மாற்றுவதானால் பிரேம் குழாயின் அகலத்தையும் அளக்க வேண்டும். 68, 73 மில்லிமீற்றர் அகலங்களே அதிகம்.

மூன்றாவது, பற்களும் செயினும். கியர் இல்லாத சைக்கிளின் செயின் அகலமானது; கியர் சைக்கிளின் செயின் ஒடுக்கமானது. ஒன்றின் பல்சக்கரத்தை மற்றதில் போடக்கூடாது. மேட்டுக்குச் சிறிய பல்சக்கரம் முக்கியம். பின்னால் 28 பல் இருக்க, முன்னால் 42 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். 24 பல் என்றால் ஒரு சுற்றுக்கும் குறைவு. மலைப் பாதைக்கு இதுவே உகந்தது. மூன்று சக்கரக் கிராங்கைக் கழற்றிவிட்டு, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒற்றைச் சக்கரக் கிராங் போட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டிவரும்.

நான்காவது, கையின் நீளம். பெரியவர்களின் சைக்கிளில் பெரும்பாலும் 170 மில்லிமீற்றர். கையின் உட்புறத்தில் பொறித்திருப்பார்கள்.

ஐந்தாவது, பெடல் மரை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் வலிந்து இறுக்கினால் புதுக் கிராங்கின் மரையே போய்விடும். ஒரே இரும்பாக வரும் கிராங்கின் பெடல் மரை அரை அங்குலம்; மற்றவை 9/16 அங்குலம்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. இடது கை மட்டும் தேய்ந்திருந்தால் அதே வகை, அதே நீளக் கை ஒன்று போதும். பற்கள் மட்டும் தேய்ந்து, சக்கரம் ஆணிகளால் பூட்டப்பட்டிருந்தால் சக்கரத்தை மட்டும் மாற்றலாம். அதற்கு அடுத்தடுத்த இரண்டு ஆணித் துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, நான்கு ஆணி என்றால் 1.414 ஆலும் ஐந்து ஆணி என்றால் 1.701 ஆலும் பெருக்குங்கள். ஆணி வட்டத்தின் விட்டம் கிடைக்கும். நான்கு ஆணிச் சக்கரத்தில் தூரம் 73.5 மில்லிமீற்றர் என்றால் விட்டம் 104.

சதுர அச்சுக் கையைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டாம், பெயாரிங் கெடும். அதற்கென்றே கிராங் இழுவை என்ற சிறு கருவி இருக்கிறது. கழற்றிய பழைய பாகத்தை ஒரு பையில் போட்டுக் கடைக்கே கொண்டு போங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே மிகச் சரியான அளவு. பூட்டிய பிறகு முதல் சில பயணங்கள் முடிந்ததும், இறக்கத்திலோ மேட்டிலோ நம்பி ஏறுமுன், ஆணியின் இறுக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.